1,100 கிலோவா, 290 என்எம்-ஆ? மஸ்டா எம்எக்ஸ்-5 என்டி 2.0, ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி: விவாத இழை

#1 ஈரச்சாலை

பிரிட்டனில் பழைய கார். ஒரே பட்ஜெட்டில் இரண்டு பேர் கண்ணில் படுகிறார்கள்: 2018-க்குப் பிந்தைய எம்எக்ஸ்-5 2.0 (இரண்டு சீட், மடக்கும் துணிக்கூரை, என்டி என்கிற நாலாம் தலைமுறை; 184 பிஎஸ், அதாவது குதிரைசக்தி), அதே வயசு ஃபியஸ்டா எஸ்டி (1.5 மூன்று சிலிண்டர் டர்போ, 200 பிஎஸ்). வீட்டில் வேறு கார் கிடையாது. வாரநாளில் வேலைக்கு, ஞாயிறு காலை வேல்ஸ் பக்கம் மலைச்சாலை, வருஷத்துக்கு சில டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்).

0–100 இரண்டுக்கும் கம்பெனிக் கணக்கில் 6.5 விநாடிதான். அப்புறம் வித்தியாசம் எங்கே இருக்கு? "ஒன்று பின்சக்கர இயக்கம், ஒன்று முன்சக்கர இயக்கம்" என்பதைத் தாண்டி யாராவது விவரமாகச் சொல்லுங்கள். இந்த விலையில் வேறு எதையாவது பார்க்கணுமா?

#2 ஆறாம்கியர்

எண்களை வைத்தே தொடங்குவோம். ஓட்டுநரையும் சேர்த்து மஸ்டா சுமார் 1,100 கிலோ, ஃபியஸ்டா சுமார் 1,260 கிலோ. டன்னுக்கு எத்தனை குதிரை என்று கணக்குப் போட்டால் மஸ்டா 167, ஃபியஸ்டா 159. அதாவது காகிதத்தில் மஸ்டாதான் முன்னால். ஆனால் டார்க்கில் (முறுக்கு விசையில்) 205 என்எம்-க்கு எதிராக 290 என்எம். ஃபியஸ்டா மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்-லேயே இழுக்கும். மஸ்டா 5,000-க்கு மேலே போனால்தான் பேச ஆரம்பிக்கும், 7,500 வரை சலிக்காமல் சுழலும். அன்றாடச் சாலையில் ஃபியஸ்டா வேகமான கார் மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான்.

எல்லாரும் விட்டுவிடுகிற கணக்கு இன்னொன்று இருக்கிறது. இரண்டிலும் டயர் அளவு 205/45 ஆர்17 (ஃபியஸ்டாவின் எஸ்டி-3 ரகத்தில் 18 அங்குலம், அகலம் அதே 205). ஃபியஸ்டாவின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் முன் அச்சில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு முன் டயருக்கு 380–390 கிலோ என்று வையுங்கள். மஸ்டாவில் முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி, ஒரு டயருக்கு 275 கிலோதான். ஒரே அகல டயர், நூறு கிலோ கூடுதல் பாரம். போதாக்குறைக்கு ஃபியஸ்டாவின் முன் டயர்தான் காரைத் திருப்பணும், இழுக்கணும், பிரேக்கில் பெரும்பங்கு வேலையும் பார்க்கணும். டயர் செலவு, பிரேக் சூடு, வளைவின் நடுவில் மூக்கு வெளியே போவது எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து பிறப்பவை. ஹாட் ஹேட்ச் (ஃபியஸ்டா எஸ்டி மாதிரி வேகம் கூட்டிய சின்னக் கார்) கட்டுகிற பொறியாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டத்தான் போகிறது.

160 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த மஸ்டாவின் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 1.1 மெகாஜூல், ஃபியஸ்டாவுக்கு 1.25. ஒரு தடவைக்குப் பெரிதாகத் தெரியாது. இருபது நிமிட டிராக் சுற்றில் ஒவ்வொரு வளைவிலும் அந்த 15 சதவீதம் சேரும்போதுதான் பெடல் கீழே போகத் தொடங்கும்.

என் தீர்ப்பு: டிராக் டேயும் ஞாயிறு காலையும்தான் முக்கியம் என்றால் எம்எக்ஸ்-5. இதில் எனக்கு ரெண்டாவது யோசனை கிடையாது.

#3 கிளட்ச்வாசனை

ஆறாம்கியர் அண்ணா, கணக்கு சரிதான். ஆனா ரோடு அப்படி இருக்கணுமே! வேல்ஸ் மலைச்சாலைன்னா ஒட்டுப்போட்ட தார், ஓரத்துல குழி, வளைவு நடுவுல மேடு, மழை. அங்கே என்டி 2.0 ஸ்போர்ட்டோட பில்ஸ்டீன் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) என்ன பண்ணும்? ஸ்பிரிங் மெத்து, சாய்வு அதிகம். வேகமா ஒரு மேட்டுல ஏறி இறங்கினா பின்பக்கம் ஒரு தடவை கூடுதலா ஆடும். "ரோட்டோட பேசுற கார்"னு எல்லாரும் எழுதுவாங்க. பேசும்தான், சில நேரம் உளறவும் செய்யும்.

ஃபியஸ்டா வாரநாள்ல முதுகை வாங்கும், பொய் சொல்லலை. ஆனா வேகம் ஏற ஏற டேம்பர் இறுக்கம் அர்த்தப்படும். பின்னாடி சாதா ட்விஸ்ட் பீம்தான் (ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்க்கிற எளிய அச்சு), ஆனா ஸ்பிரிங்கை வாழைப்பழம் மாதிரி வளைச்சு சுத்தியிருக்காங்க. வளைவுல வர்ற பக்கவாட்டு விசையை அந்த ஸ்பிரிங்கே எதிர்த்துப் பிடிக்கும், அதனால பின்பக்கம் சட்டுனு அடங்கும். ஸ்டியரிங் விகிதம் 12:1, கையை மாத்தாமலே பெரும்பாலான வளைவை எடுத்துடலாம்.

பர்ஃபார்மன்ஸ் பேக் இருக்கிற வண்டியை மட்டும் பாருங்க. அதுலதான் குவைஃப் எல்எஸ்டி வரும், அதாவது ஒரு சக்கரம் வெறுமனே சுத்தாம மத்ததுக்கும் இழுவையைப் பகிர்ற டிஃபரன்ஷியல். அது இல்லாத எஸ்டில, ஈர ரோட்டுல இரண்டாவது கியர்ல வளைவுலேர்ந்து வெளிய வரும்போது உள்பக்க டயர் வெறுமனே சுத்தும், கம்ப்யூட்டர் பிரேக் பிடிச்சு அடக்கும். ஆனந்தமும் போச்சு, பிரேக் பேடும் போச்சு.

அப்புறம் அவரே சொல்லிட்டார், வீட்டில் ஒரே கார். பூட் 130 லிட்டர், ரெண்டே சீட்டு. ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்து இறங்கினா ரெண்டு பேரையும் பெட்டியையும் எங்கே வைப்பார்?

#4 டார்க்ரெஞ்ச்

எது ஓட்ட நல்லா இருக்குன்னு நீங்க அடிச்சுக்கோங்க. வாங்கப்போற வண்டியில எதைத் தொட்டுப் பார்க்கணும்னு நான் சொல்றேன்.

எம்எக்ஸ்-5 என்டி:

கியர்பாக்ஸ். 2015–2017 வண்டிகள்ல இது தெரிஞ்ச பலவீனம். இரண்டாவது, மூன்றாவது கியர்ல ஆக்சிலரேட்டர் கொடுத்து எடுக்கும்போது முனகல், உராயும் சத்தம், கியர் விழ மறுப்பது. மஸ்டா உள்பாகங்களைப் பல தடவை மாற்றியிருக்கு, அதனால பின்னாடி வந்த வண்டி பரவாயில்லை. ஆனா 184 பிஎஸ் வண்டியையும் சூடான பிறகு 2–3–2 அவசரமா மாத்திப் பாருங்க. குளிர் எண்ணெயில முதல் ரெண்டு மைல் கியர் இறுக்கமா இருப்பது இயல்பு, அதுக்குப் பயப்பட வேண்டாம்.

கூரைத் தண்ணீர். துணிக்கூரையில விழுற மழை சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்கிற வடிகுழாய் வழியா கீழே போகணும். இலையும் மண்ணும் அடைச்சா தண்ணீர் தப்பான இடத்துக்குப் போகும். பழைய என்ஏ, என்பி மாடல்ல (முதல் ரெண்டு தலைமுறை) கதவுக்குக் கீழே இருக்கிற சில் சட்டம் துருப்பிடிச்சு எம்ஓடி (பிரிட்டனோட வருடாந்திர வாகனத் தகுதி) தேர்வுல விழறதுக்கு முக்கியக் காரணம் இது. சீட்டுக்குப் பின்னால கார்பெட்டைக் கையால அழுத்துங்க, ஈரம் இருந்தா விலையைக் குறைங்க, இல்லைன்னா நடையைக் கட்டுங்க. அடைப்பெடுக்க கம்ப்ரெஸ்டு ஏர் அடிக்காதீங்க, குழாய் உள்ளே கழண்டுக்கும். மெல்லிய நைலான் கம்பி போதும்.

அடிப்பக்கம். குளிர்காலத்துல ரோட்டுல போடுற உப்பு பின் சப்ஃபிரேமையும் (சஸ்பென்ஷனைத் தாங்குற சட்டம்) சஸ்பென்ஷன் கை போல்ட்டையும் தின்னும். அலைன்மென்ட் செய்ய மையம் விலகின கேம் போல்ட் உண்டு. இது புஷ்ஷுக்குள்ள இருக்கிற எஃகுக் குழலோட துருவால ஒட்டிக்கிட்டா அலைன்மென்ட் செய்யவே முடியாது, ரம்பம் வெச்சு அறுத்து, கையும் போல்ட்டும் புதுசா போடணும். என்பி, என்சி (மூணாம் தலைமுறை) மாடல்கள்ல இது சர்வ சாதாரணம். என்டி இன்னும் இளசு, அதனால வாங்கின உடனே அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, செம்பு கிரீஸ் தடவி, மறுபடி அலைன்மென்ட் செஞ்சுடுங்க.

பின் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்துற பாகம்). ஸ்லைடு பின் இறுகிப் போறது சகஜம். பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்தினதும் நாலு வீலுக்குப் பக்கத்திலயும் புறங்கையைக் காட்டுங்க, ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அதுதான்.

உயரம். ஆறடிக்கு மேல இருந்தா உட்கார்ந்து பார்க்காம காசு கொடுக்காதீங்க. 2018 மாற்றத்துலதான் ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் இழுக்கிற வசதி வந்தது. அதுக்கு முந்தின வண்டியில கால் நீட்டினா கை எட்டாது.

ஃபியஸ்டா எஸ்டி:

முதல்ல எந்தத் தலைமுறைன்னு பிரிச்சுக்கோங்க. 2013–2017 வண்டி 1.6 நாலு சிலிண்டர், 182 பிஎஸ். அந்த 1.6-ல கூலன்ட் குறைஞ்சு ஓடினா சிலிண்டர் ஹெட் சூடாகி விரிசல் விடும், அதுக்காகத் திரும்ப அழைப்பே நடந்தது. அந்த வேலை முடிஞ்ச ரசீது இருக்கான்னு கேளுங்க. காலையில குளிர்ந்த என்ஜின்ல எக்ஸ்பான்ஷன் டேங்க் அளவைப் பாருங்க. விற்கிறவர் "இப்பதான் சூடாக்கி வெச்சேன்"னா வேற நாள் வர்றேன்னு சொல்லுங்க.

2018-க்குப் பிந்தைய 1.5-ல நான் பார்க்கிறது: முன் டயர் உள்விளிம்பு தேய்ந்திருக்கா, முன் பிரேக் டிஸ்க் ஓரத்துல தேய்மான உதடு ஏறியிருக்கா, ஆயில் சர்வீஸ் தேதி வாரியா இருக்கா, மேப் (என்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராம்) மாத்தின அடையாளம் இருக்கா. இன்டேக் பெட்டியில கம்பெனி அல்லாத ஃபில்டர், பின்னாடி பாப்ஸ்-பேங்ஸ் சத்தம்னா யாரோ விளையாடியிருக்காங்க. நின்ன இடத்துல ஐந்தாவது கியரைப் போட்டு கிளட்சை விடுங்க, என்ஜின் உடனே அணையணும். அணையாம இழுத்தா கிளட்ச் முடிஞ்சது. 30 மைல் வேகத்துல ஐந்தாவது கியர்ல முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து டார்க் வரும்போது ரெவ் மட்டும் துள்ளினாலும் அதே கதைதான்.

ஃபியஸ்டா உற்பத்தி 2023-ல நின்னுபோச்சு. இப்போதைக்கு உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை.

#5 பழையஇரும்பு

இதே காசில் பாதி கொடுத்தால் கிளியோ 182, எம்ஆர்2 ரோட்ஸ்டர் கிடைக்குமே. ஏன் யாரும் சொல்லவில்லை? லோட்டஸ் எலிஸ் கனவையும் இந்த இழையில் யாராவது தொட்டே ஆக வேண்டும்.

#6 டார்க்ரெஞ்ச்

கிளியோ 182: 2.0 என்ஜின், 182 பிஎஸ், சுமார் 1,090 கிலோ, ஹைட்ராலிக் ஸ்டியரிங். ஹாட் ஹேட்ச்ல இந்த எடை இனி வராது. ஆனா டைமிங் பெல்ட் வேலையை யார் செஞ்சாங்கங்கிறதுதான் முழு விலையும். இந்த என்ஜின்ல கிராங்க் புல்லியில சாவி (புல்லி நழுவாம பிடிக்கிற ஆப்பு) கிடையாது, கேம் புல்லியிலும் இல்லை. உராய்வுப் பிடிப்பு மட்டும்தான். பூட்டுக் கருவி இல்லாம குத்துமதிப்பா மார்க் போட்டு மாட்டினா, இல்ல பழைய கிராங்க் போல்ட்டையே திருப்பி முறுக்கினா, புல்லி வழுக்கி வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். ஐந்து வருஷம் அல்லது 72,000 மைல், எது முந்துதோ அப்போ மாத்தணும். குளிர் ஸ்டார்ட்ல டீசல் மாதிரி கடகடன்னு கேட்டா டிஃபேசர் புல்லி (வால்வு திறக்கிற நேரத்தை மாத்துற புல்லி) போச்சு, பெல்ட்டோட சேர்த்தே போடுங்க. ரசீதுல "பெல்ட்"னு மட்டும் இருந்தா நம்பாதீங்க. டிஃபேசர், டென்ஷனர், புது கிராங்க் போல்ட் எல்லாம் தனித்தனி வரியா இருக்கணும்.

எம்ஆர்2 (1999–2007): சுமார் ஒரு டன், நடு என்ஜின், 1.8, 140 பிஎஸ். ஆரம்பகால வண்டியில பிஸ்டன்ல எண்ணெய் வடியிற ஓட்டை போதாது, அதனால ஆயில் குடிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள்ள இருக்கிற ப்ரீ-கேட் (புகையைச் சுத்தம் பண்ணுற முதல் கேடலிஸ்ட்) உதிர்ந்து, அந்தத் தூள் சிலிண்டருக்குள்ள திரும்பிப் போய் போரைக் கீறும். மேல் லாம்டா (ஆக்சிஜன்) சென்சாரைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க, தேன்கூடு முழுசா இருக்கணும். பின் சப்ஃபிரேம் துரு இன்னொரு தலைவலி. சாமான் வைக்க பூட்னு ஒண்ணு கிடையாது, சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பொந்து இருக்கும்.

எலிஸ் பற்றி ஆறாம்கியர் சொல்லட்டும், அவருக்குத்தான் வாய் ஊறும்.

#7 ஆறாம்கியர்

ஊறத்தான் செய்கிறது. 1996-இல் வந்த முதல் எலிஸ் 725 கிலோ, ரோவர் கே-சீரிஸ் 1.8, 118 குதிரை. அலுமினிய வெளித்தள்ளல் துண்டுகளைப் பசையால் ஒட்டிய சட்டகம். பவர் ஸ்டியரிங் இல்லை, தேவையும் இல்லை, ஏனென்றால் முன் டயரின் மேல் பாரமே இல்லை. #2-இல் சொன்ன கணக்கின் எல்லைக்கோடு இந்தக் கார். பாரத்தைக் குறைத்தால் டயரை ஒடுக்கலாம், பிரேக்கைச் சிறிதாக்கலாம், ஸ்பிரிங்கை மென்மையாக்கலாம். ஒவ்வொன்றும் அடுத்ததின் எடையைக் குறைக்கும்.

வாங்குவோருக்கு மூன்று எச்சரிக்கை. கே-சீரிஸில் ஹெட் கேஸ்கெட்: குளிர்ந்த தண்ணீர் திடீரென்று உள்ளே பாயும் தெர்மோஸ்டாட் அமைப்பும், தொடக்கத்தில் போட்ட பிளாஸ்டிக் டவலும் (ஹெட்டை நகராமல் பிடிக்கும் முளை) சேர்ந்து செய்த கோளாறு, பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டும் எஃகு டவலும் போட்ட ரசீதைத் தேடுங்கள். இரண்டாவது, டிராக்கில் அதிகம் ஓடிய வண்டியின் பின் டோ-லிங்க் (பின்சக்கரத்தின் திசையைப் பிடித்து நிறுத்தும் கம்பி): தேய்ந்து முறிந்தால் பின்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். மூன்றாவது, முன் உடல்மூடி ஒரே ஃபைபர் வார்ப்பு. பார்க்கிங்கில் இடித்த சின்ன அடிக்கும் பில் கையைக் கடிக்கும். சட்டகமே நசுங்கியிருந்தால் தட்டி நிமிர்த்த முடியாது, ஆளை விடு என்று திரும்பிவிடுங்கள்.

ஒரே கார் வைத்திருப்பவருக்கு எலிஸ் கூடாது. கதவு விளிம்பு அகலமும் உயரமுமாக இருப்பதால் மழையில் இறங்குவதே ஒரு வித்தை.

#8 கோவை_பிஸ்டன்

இங்கே எம்எக்ஸ்-5 விற்பனைக்கே வரவில்லையே சார். ஊரில் இருக்கிறவனுக்கு ஏதாவது வழி உண்டா?

#9 கிளட்ச்வாசனை

அதிகாரபூர்வமா வந்த ஹாட் ஹேட்ச்களை விரல் விட்டு எண்ணலாம் தம்பி. அபார்த் புன்ட்டோ 145 பிஎஸ். 2016-ல போலோ ஜிடிஐ, மூணு கதவு, 192 பிஎஸ், 99 வண்டிதான் வந்தது. 2025-ல கோல்ஃப் ஜிடிஐ, 265 பிஎஸ், முழு இறக்குமதி, விலையைக் கேட்டா மூச்சு நிக்கும். ஜப்பான்ல 970 கிலோவுக்கு ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வித்தாங்க, அதை இங்கே கொண்டுவரவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறலை.

உங்க ஊர் காரி ஸ்பீட்வே 2.1 கி.மீ. சின்ன டிராக்தான், நீளமான நேர்பாதை இல்லை. அங்கே குதிரைசக்திக்கு வேலை கம்மி. லேசான சாதா ஹேட்ச்ல நல்ல டயர், நல்ல பேட், புது பிரேக் ஃப்ளூயிட் போட்டு ஓட்டுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

#10 ஈரச்சாலை

நன்றி. டிராக் டேக்கு ஸ்டாண்டர்ட் வண்டியில் குறைந்தபட்சம் என்ன மாற்ற வேண்டும்?

#11 டார்க்ரெஞ்ச்

பிரேக் ஃப்ளூயிட் முதல்ல. டாட் 4 தரத்துல புது ஃப்ளூயிட்டுக்குக் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி, ஈரம் உறிஞ்சின பிறகு 155. ரெண்டு வருஷம் பழசோட டிராக்குக்குப் போனா நாலாவது சுற்றுல கொதிச்சு, குமிழ் வந்து, பெடல் தரை தட்டும். 300 டிகிரிக்கு மேல தாங்குற ரேஸ் ஃப்ளூயிட் ஒரு லிட்டர் வாங்குங்க, நாலு வீலுக்கும் போதும். அது ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சும், அதனால வருஷா வருஷம் மாத்தணும்.

அப்புறம் பேட். ஃபியஸ்டாவுக்கு முன் பேட் மாத்தாம போகாதீங்க. மஸ்டாவுக்கு முதல் ஒண்ணு ரெண்டு டிராக் டேக்கு ஸ்டாண்டர்ட் பேடே தாக்குப்பிடிக்கும், ஏன்னு #2-ல இருக்கு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கடைசிச் சுற்றை பிரேக் தொடாம மெதுவா ஓட்டி குளிரவிடுங்க. நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீங்க, கியர்ல விட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க.

டயர் அழுத்தம். என்டிக்கு கதவுச் சட்டத்துல 29 பிஎஸ்ஐ போட்டிருக்கும். டிராக்குல குளிர்ச்சியா 26–27-ல ஆரம்பிச்சு, சூடானதும் 32–33-க்கு மேல போனா காத்தை இறக்குங்க. வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி ஏத்த மறந்துடாதீங்க.

அலைன்மென்ட். என்டியில முன் கேம்பர் (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளே சாயிற கோணம்) மைனஸ் 1.5, பின் மைனஸ் 1.8 டிகிரி கிட்ட, முன் டோ (மேலேர்ந்து பார்த்தா சக்கரம் திரும்பியிருக்கிற கோணம்) பூஜ்யம், பின்னாடி கொஞ்சம் டோ-இன். சாலைக்கும் டிராக்குக்கும் இது நல்ல நடுநிலை. கம்பெனி போல்ட்லயே கிடைச்சுடும், தனியா பார்ட் வாங்க வேண்டாம். ஃபியஸ்டாவுல முன் கேம்பர் சரிசெய்ய வழியே கொடுக்கலை. கேம்பர் போல்ட்டோ, சரிசெய்யும் டாப் மவுண்ட்டோ போட்டாதான் டயரோட வெளித்தோள் தப்பிக்கும்.

டிராக்ல சத்தம் அளப்பாங்க. எக்ஸாஸ்ட்லேர்ந்து அரை மீட்டர், 45 டிகிரி கோணம், உச்ச ரெவ்ல முக்கால் பங்கு. பல இடத்துல வரம்பு 105 டெசிபல், சில இடத்துல இன்னும் கறார். கூரையில்லாத காருக்கு ரோல் பார் கேட்கிற அமைப்பாளர்களும் உண்டு, என்டியோட சீட்டுப் பின் வளையத்தை ஒத்துக்கிறாங்களான்னு பணம் கட்டும் முன்னாடி கேளுங்க.

#12 கிளட்ச்வாசனை

இன்ஷூரன்ஸையும் சேர்த்துக்கோங்க. பிரிட்டன்ல கேம்பர் போல்ட், பேட் வரைக்கும் எந்த மாற்றத்தையும் கம்பெனிக்குச் சொல்லணும். ஈசியு மேப் போட்ட ஃபியஸ்டாவை "ஸ்டாண்டர்ட்"னு சொல்லி எடுத்த பாலிசி, அவசரத்துக்கு உதவாது. சாதா பாலிசி பெரும்பாலும் டிராக் டேயை விட்டுடும், அதுக்கு நாள் பாலிசி தனி.

#13 ஆறாம்கியர்

ஓட்டும் முறையில் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஒன்றில் பழகிய கையோடு மற்றதில் ஏறினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஃபியஸ்டாவில் பிரேக்கைப் பிடித்தபடியே வளைவுக்குள் போங்கள். பாரம் முன்னால் இருக்கும்வரை மூக்கு திரும்பும், பின்பக்கம் லேசாகி தானும் சுற்றி உதவும். திரும்பி முடித்ததும் ஆக்சிலரேட்டரை முன்கூட்டியே, அழுத்தமாகக் கொடுங்கள். குவைஃப் எல்எஸ்டி அப்போதுதான் வெளிச்சக்கரத்துக்கு இழுவையை அனுப்பி காரை உள்ளே இழுக்கும். ஆனால் இது பற்சக்கர வகை. உள்சக்கரம் முழுதாகத் தரையை விட்டெழுந்தால் இழுவையைப் பெருக்கி வெளிச்சக்கரத்துக்கு அனுப்ப அங்கே எதிர்ப்பே இல்லை, சாதாரண டிஃபரன்ஷியல் ஆகிவிடும். அதனால் கர்ப் (டிராக் ஓரத் திட்டு) மேல் ஏறும்போது ஆக்சிலரேட்டரில் அளவாக இருங்கள். ஈரத்தில் வளைவு நடுவே பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுழலும். அப்போது பிரேக் கூடாது, ஆக்சிலரேட்டரைத் திரும்பக் கொடுங்கள், முன்சக்கரம் காரை நேராக்கும்.

மஸ்டாவில் அதே கட்டத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கதை முடிந்தது. அங்கே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்த வேண்டும். சட்டென்று விடக்கூடாது.

#14 பழையஇரும்பு

ஆக, கேட்டவருக்குப் பதில் என்ன? ஒரே கார் என்பதால் ஃபியஸ்டாதானே?

#15 ஆறாம்கியர்

பின்சீட்டுக்கு மாதம் ஒருமுறையாவது ஆள் வந்தால், ஃபியஸ்டா, பர்ஃபார்மன்ஸ் பேக்கோடு. வராது என்றால் என் பதில் #2-இல் இருப்பதுதான். கிளட்ச்வாசனை சொன்ன டேம்பர் குறை உண்மை, ஆனால் அதைப் பின்னால் காசு கொடுத்துச் சரிசெய்யலாம். ஃபியஸ்டாவின் முன் அச்சிலிருந்து நூறு கிலோவைக் காசு கொடுத்து இறக்க முடியாது.

#16 கிளட்ச்வாசனை

டேம்பருக்கு ஒரு செலவு, குளிர்காலத்துக்கு டயர் செட் ஒரு செலவு, ஐகியாவுக்குப் போக வாடகை வண்டி ஒரு செலவு. அதையும் கூட்டிச் சொல்லுங்கண்ணா.

#17 டார்க்ரெஞ்ச்

ரெண்டையும் ஒரே நாள்ல ஓட்டிப் பாருங்க, ஈரச்சாலை. வெயில் நாள்ல வேண்டாம், ஈரமான நாள்ல. ஒரே வழி, அரை மணி நேரம், நீங்க தினமும் போற ரோடாவே இருக்கட்டும். கிளம்பும் முன் டயர் பிராண்டையும் பக்கச்சுவர்ல இருக்கிற நாலு எண் தேதியையும் குறிச்சுக்கோங்க. முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். ஆறு வருஷம் தாண்டின டயரோட நிற்கிற எம்எக்ஸ்-5 வழுக்குதுன்னா அது காரோட குத்தம் இல்லை. குறைவா ஓடின வீக்எண்ட் வண்டிகள்ல இதுதான் அதிகம்: டிரெட் ஆறு மில்லிமீட்டர் இருக்கும், ரப்பர் கல்லாயிருக்கும். நாலு டயர் விலையைச் சொல்லி பேரம் பேசுங்க.